என் மனதின் மீது ஒரு ஸ்தல விசாரணை

'ஆலோசனை நேரத்தில் பயனாளர் தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, பேசுவது பிறர் காதில் விழாத இடத்தில் இருக்க வேண்டும்.'

இணையவழி மனநல ஆலோசனைக்குப் பெயர் பதிகிறபோது செல்போன் திரையில் வந்த விதிமுறைகளில் இது நான்காவது. உலகத்தில் எல்லோரும் படிக்காமலே 'சம்மதம்' என்று அழுத்திவிடுகிற அந்தப் பகுதியை நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். ஆறாவது விதியும் ஒன்பதாவது விதியும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. அதைச் சுட்டிக்காட்டி ஒரு மின்னஞ்சலும் போட்டேன். (பதில் இல்லை.) ஆகவே விதி தெரியாமல் மீறிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே கிடையாது. தெரிந்துதான் மீறினேன். அதுவும் நாற்காலி போட்டு, டீ வாங்கி வைத்து, ஆட்களை வரவழைத்து மீறினேன்.

நான் வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் இறங்கி, சீமைக்கருவேலங்காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் ஊர். ஊர்க்காரர்கள் என்னைத் தாசில்தாரு என்பார்கள். அந்தப் பதவி எனக்குக் கிடைக்கவே இல்லை என்று ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு அதற்கும் தெம்பு இல்லாமல் போய்விட்டது.

தெம்பு இல்லாமல் போனதுதான் விஷயமே. ஓய்வு பெற்ற புதிதில் எல்லோரையும் போல நானும் நிம்மதியாக இருப்பதாகத்தான் நினைத்தேன். ஆனால் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, பையில் பேனாவைச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்பேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாது. மத்தியானம் மூன்று மணி வந்தால் நெஞ்சுக்குள் ஏதோ அடைக்கும். ஆபீசில் தபால் கட்டு மேசைக்கு வருகிற நேரம் அது. இப்போது அந்த நேரத்துக்கு வெயில் மட்டும்தான் வருகிறது. பேப்பரை விரித்தால் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

என் மனைவி விஜயா, கோயம்புத்தூரில் இருக்கும் மகள் கவிதாவின் வீட்டுக்கு, பேரனைப் பார்த்துக்கொள்ள என்று கிளம்பிப் போனாள். பதினைந்து நாளில் வந்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. பேரன் தவழ்ந்து, நடந்து, விளையாட்டுப் பள்ளிக்கும் போகத் தொடங்கிவிட்டான். அவள் வரவில்லை. 'எப்போது திரும்புகிறாய் என்பதை உடன் தெரியப்படுத்தவும்' என்று வாட்ஸப்பில் அனுப்பினேன். நினைவூட்டு என்று தலைப்புப் போட்டு இன்னொன்றும் அனுப்பினேன். இரண்டும் நீல டிக் ஆனதோடு சரி.

கடைசியில் கவிதாதான் போன் செய்தாள்.

"அப்பா, அம்மா வரணுமா, வேண்டாமா?"

"வரணும்னுதானே ரெண்டு தடவை கேட்டிருக்கேன்."

"அந்த வீட்டுல மூச்சு முட்டுதுங்கிறாங்கப்பா. நீங்க யார்கிட்டயாவது பேசுங்க. நான் ஒரு கவுன்சிலர்கிட்ட நேரம் வாங்கித் தாரேன். நீங்க ஒழுங்காப் பேசுனாத்தான் நான் அம்மாகிட்டப் பேசுவேன்."

இதை நிபந்தனைக்குட்பட்ட உத்தரவு என்று சொல்வோம். இணங்கினேன்.

ஆலோசகரின் பெயர் மிருதுளா. சென்னையில் ஏதோ ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என் மகளைவிட வயது குறைவு. நான் முன்கூட்டியே நிலைமையைக் குறிப்பாக எழுதி, பொருள், பார்வை எல்லாம் போட்டு, அதை வாசித்துக் காட்டினேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். முடித்ததும், "சார், இதைப் படிக்கும்போது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்றாள்.

"தெளிவாக இருந்தது. நான்தானே எழுதினேன்."

"இல்ல சார், மனசுக்குள்ள."

"அது தனிப் பொருள். இந்தக் குறிப்பில் வராது."

அவள் சிரிக்கவில்லை. (எனக்கு அது பிடித்திருந்தது.) இரண்டு மூன்று வாரம் இப்படியே போனது. அவள் கேட்பாள், நான் கேள்வியில் உள்ள குறையை எடுத்துச் சொல்வேன். ஒரு வாரம் நேரம் முடிகிறபோது சொன்னாள்: "சார், அடுத்த வாரத்துக்கு ஒண்ணே ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. உங்ககூட இருக்கிறவங்க கண்ணுக்கு நீங்க எப்படித் தெரிவீங்கன்னு நினைக்கிறீங்க?"

வேறு யாராவதாக இருந்தால் மோட்டுவளையைப் பார்த்து யோசித்திருப்பான். நான் அப்படிப்பட்டவன் இல்லை. அடுத்தவர் மனதில் இருப்பதை நான் எப்படிச் சொல்ல முடியும்? அது வெறும் ஊகம். ஒரு சாதிச் சான்றுக்கோ, வாரிசுச் சான்றுக்கோ, வண்டிப்பாதை ஆக்கிரமிப்புக்கோ நான் ஒருநாளும் ஊகத்தின் பேரில் அறிக்கை அனுப்பியதில்லை. நேரில் போய், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, இரண்டு சாட்சிகளை வைத்து விசாரித்து, அப்புறம்தான் கையெழுத்து. அதற்கு ஸ்தல விசாரணை என்று பெயர். என் மனதின் விஷயத்தில் மட்டும் நான் ஏன் முறை தவற வேண்டும்?

(இந்த இடத்தில் நான்காவது விதி ஞாபகத்துக்கு வந்தது. சம்பந்தப்பட்டவரே எழுத்து மூலம் சம்மதித்தால் தளர்த்தலாம் என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன். சம்பந்தப்பட்டவன் நான்தான். விளக்கம் கேட்டவனும் நான்தான். கோப்பு சுலபமாக நகர்ந்தது.)

முதல் சாட்சியாக எதிர்த்த மளிகைக்கடை செல்வராஜ் அண்ணாச்சியை முடிவு செய்தேன். இரண்டாவது, விஜயாவின் அண்ணன் வேலுச்சாமி. பாலவனத்தத்தில் விவசாயம். அவருக்குப் போன் போட்டேன்.

"மச்சான், செவ்வாய்க்கிழமை காலையில கொஞ்சம் வர முடியுமா? ஒரு விசாரணை."

"யாரு மேல மாப்ள?"

"என் மேலதான்."

குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "லஞ்சக் கேசா? ரிட்டயர்டு ஆன பெறகுமா விட மாட்டாய்ங்க?"

"அதெல்லாம் இல்ல. நேர்ல வாங்க, சொல்றேன்."

"போன்ல சொல்ல வேணாம், புரியுது. நான் வாரேன்."

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸுக்கே வந்து இறங்கிவிட்டார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, கக்கத்தில் ஒரு மஞ்சப்பை. உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுப் பையைப் பிரித்தார். அவருடைய நிலத்தின் பட்டா, சிட்டா, வீட்டு வரி ரசீது எல்லாம் இருந்தன.

"ஜாமீனுக்கு ரெண்டு பேரு கேப்பாகள்ல? எம்பேருல இருக்கிற எல்லாத்தையும் எடுத்தாந்துட்டேன்."

வேறு ஒரு மனிதனாக இருந்தால் அந்த இடத்தில் அவர் கையைப் பிடித்திருப்பான். நான், "நகல் போதும் மச்சான், அசலை எல்லாம் வெளியே எடுத்துவரக் கூடாது" என்றேன்.

அண்ணாச்சி தலைக்குத் தண்ணீர் தொட்டுப் படிய வாரி, பவுடர் போட்டு, கையில் காராச்சேவுப் பொட்டலத்தோடு வந்தார். (சாட்சி சொல்ல வருகிறவர் கையில் தின்பண்டம் இருக்கக் கூடாது என்று விதி இல்லை. இருந்திருக்க வேண்டும்.) போனை ஒரு செம்பின் மேல் சாய்த்து வைத்து, எனக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இருவரையும் உட்கார வைத்தேன். மிருதுளா திரையில் வந்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"சார், உங்க பின்னாடி யாரோ இருக்காங்க."

"சாட்சிகள்."

"எதுக்கு?"

"நீங்கள் போன வாரம் கேட்ட கேள்விக்கு."

அவள் ஒரு நொடி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "சார், இது உங்களோட நேரம். வேற ஆளுங்க இருந்தா உங்களால மனசு விட்டுப் பேச முடியாது. அவங்களை வெளியில..."

"வணக்கம் மேடம்!" என்று அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். "சாருக்கு எதுத்த கடை. சார் நல்லவரு. அத மொதல்ல எழுதிக்கங்க."

"நான் எதுவும் எழுதலைங்க. தயவுசெஞ்சு நீங்க..."

"ஆனா கடைக்கு வந்தா ஒரு வார்த்த பேச மாட்டாரு. எந்தப் பாக்கெட்ட எடுத்தாலும் திருப்பிக் காலாவதித் தேதியப் பாப்பாரு. ஒரு நா தேங்காயக்கூடத் திருப்பிப் பாத்தாரு மேடம்."

மச்சான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆனா இப்ப அதுவும் இல்ல" என்றார் அண்ணாச்சி. அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "இப்ப எதக் குடுத்தாலும் வாங்கிட்டுப் போறாரு. போன மாசம் தேதி முடிஞ்ச பிஸ்கட்டக் குடுத்தேன். பாக்கவே இல்ல."

நான் திரும்பினேன். "தெரிஞ்சே குடுத்தீரா?"

"கண்டுபிடிச்சுச் சண்டைக்கு வாரீகளான்னு பாக்கத்தான் சார் குடுத்தேன். ரெண்டு நா பாத்தேன், நீங்க வரல. எங்க வீட்டுல சொன்னேன், தாசில்தாருக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு."

அந்த பிஸ்கட்டை நான் தின்று முடித்திருந்தேன். ருசியில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மிருதுளா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்சேபணை சொல்வதை அவள் நிறுத்திவிட்டிருந்தாள்.

இந்த இடத்தில் விசாரணையை ஒத்திவைத்திருக்க வேண்டும். எந்த அனுபவமுள்ள அலுவலரும் அதைத்தான் செய்திருப்பார். நான் அடுத்த சாட்சியை அழைத்தேன்.

மச்சான் எழுந்திருக்கவில்லை. துண்டை மடியில் போட்டு நீவிக்கொண்டே பேசினார். "மேடம், நான் இவுக சம்சாரத்துக்கு அண்ணன். இவுக அடிக்க மாட்டாக, திட்ட மாட்டாக, குடி கிடையாது. கொற சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா பேச மாட்டாக. எந்தங்கச்சி டிவிய எப்பவும் சத்தமா வச்சிருக்கும். நாடகம் ஓடிக்கிட்டே இருக்கும். இவுக வந்து சத்தத்தக் கொறைப்பாக. அது மறுபடி கூட்டும். இவுக கொறைப்பாக."

"காது வலிக்கும், அதனாலதான்" என்றேன்.

"நான் ஒரு நா கேட்டேன் மேடம், ஏந்தாயி இம்புட்டுச் சத்தமா வைக்கிற, காது கேக்கலையான்னு. அது சொல்லுச்சு: 'நாடகத்த யாருண்ணே பாக்குறா? வீட்டுக்குள்ள மனுசக் கொரல் கேக்கணும்ல'ன்னு."

அண்ணாச்சி காராச்சேவுப் பொட்டலத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

மச்சான் என் பக்கம் திரும்பினார். "தப்பா நெனைக்காதீக மாப்ள. யாரக் கேக்கணுமோ அவளக் கேக்காம எங்களக் கூட்டிவச்சுக் கேட்டா, நாங்க என்னத்தச் சொல்ல?"

பதில் சொல்லத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் மிருதுளா அவரிடம், "இதைச் சொல்றது உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும், இல்லைங்களா?" என்றாள். சும்மா ஆறுதலுக்குத்தான் கேட்டாள். அந்தக் கேள்வியை அந்த மனிதரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"கஷ்டந்தான் மேடம்" என்றவர் நிறுத்தவில்லை. "எனக்கும் அப்பிடித்தான் இருக்கு. லோனப் போட்டுத் திரும்பவும் போர் போட்டேன். புழுதிதான் பறந்துச்சு. அன்னைலருந்து காட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போயி, மோட்டார் ரூம் படியில உக்காந்துக்கிருவேன். வெள்ளாமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொழுது அடையிற வரைக்கும் உக்காந்திருப்பேன். வீட்டுல களைப்பா இருக்குன்னு சுடுதண்ணி வச்சுக் குடுப்பாக. வேல செய்யாதவனுக்குச் சுடுதண்ணி மேடம்."

அவ்வளவு பெரிய மீசைக்காரர் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். மிருதுளா காத்திருந்தாள். அண்ணாச்சியும் மூக்கை உறிஞ்சினார். நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தேன். என் பெயரில் ஒதுக்கப்பட்ட நேரத்தில் பாதியைச் சாட்சி எடுத்துக்கொண்டுவிட்டார் என்பதுதான் அப்போது எனக்குத் தோன்றியது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

சாயந்தரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அண்ணாச்சி யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தார். கடைக்கு வந்தவர்களிடம் மட்டும்தான் சொன்னாராம். ஊரில் வேறு கடை இல்லை. மறுநாள் காலை பால் ஊற்றுகிற பாண்டியம்மா சொம்பை ணங்கென்று வைத்தாள்.

"சந்துக்குள்ள ஒட்டுச் சுவத்துல இருக்கேன். என்னயச் சாட்சிக்குக் கூப்பிடணும்னு தோணல, என்ன? கடக்காரவுகளுக்கு என்ன தெரியும்?"

பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒருவர், தம்முடைய தகப்பனார் காலத்து வண்டிப்பாதைத் தகராறையும் அந்த மேடத்திடம் எடுத்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். தாசில்தாரு என்ற பெயர் போய், அரைப் பைத்தியம் என்று ஒரு பகுதியினரும், அந்தப் பைத்தியத்துக்கே விசாரணை அதிகாரி என்று இன்னொரு பகுதியினரும் சொல்லிக்கொண்டார்கள். இரண்டிலும் அடிப்படை ஆதாரம் இருந்தது.

அடுத்த வாரம் நான்காவது விதிப்படி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். போன வாரம் கேட்டதில் எது மனதில் தங்கியது என்று மிருதுளா கேட்டாள்.

"டிவி" என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் வரவில்லை. குறிப்பும் எழுதி வைத்திருக்கவில்லை. அவள் திரையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள், நானும் உட்கார்ந்திருந்தேன். நேரம் முடிகிறவரை இரண்டு பேரும் வேறு வார்த்தை பேசவில்லை. ஒன்றும் பேசாத அந்த வாரம்தான் நான் ஒழுங்காகப் பேசிய முதல் வாரம் என்று அவள் பின்னால் சொன்னாள். இந்தத் தர்க்கம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அன்று மத்தியானம் டிவியைப் போட்டேன். ஏதோ ஒரு நாடகம். ஒரு மாமியார் ஒரு மருமகளைச் சபித்துக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். மணி மூன்று. வாசலில் வெயில். மனிதக் குரல் வீடு முழுக்க நிறைந்திருந்தது, எனக்கென்று ஒரு வார்த்தை அதில் இல்லை. இதோடுதான் விஜயா இத்தனை காலம் குடித்தனம் செய்திருக்கிறாள்.

அன்றைக்கு அவளுக்கு ஒரு செய்தி எழுதினேன். 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று கை தானாக ஆரம்பித்துவிட்டது. அழித்தேன். 'தெரியப்படுத்தவும்' என்று முடிந்தது. அதையும் அழித்தேன். அழிக்க அழிக்கக் கடைசியில் ஒரு வரி மிஞ்சியது. 'என்கூட இருந்தது உனக்கு எப்படி இருந்துச்சு விஜயா?'

நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

மனுவுக்கு இத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம் என்றெல்லாம் அரசாங்கத்தில் உண்டு. இதில் மேல்முறையீட்டு அலுவலர் என்று யாரும் கிடையாது. நினைவூட்டு அனுப்பலாமா என்று மிருதுளாவிடம் கேட்டேன். "அனுப்பாம இருக்கிறது எப்படி இருக்கு சார்?" என்றாள். கொடுமையாக இருந்தது. அப்படியே சொன்னேன். 'எப்படி இருக்கு' என்ற கேள்விக்கு நான் எந்தத் திருத்தமும் சொல்லாமல் பதில் அளித்தது அதுதான் முதல் தடவை.

ஐப்பசி மழை வந்தது. கண்மாயில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று, பிறகு அதுவும் வற்றியது. நெஞ்சை அடைப்பது முழுசாக நிற்கவில்லை, இன்றைக்கும் நிற்கவில்லை. மூன்று மணிக்கு மட்டும் எழுந்து அண்ணாச்சி கடைக்குப் போய்ப் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன். அவருக்கு அதில் பெரிய சந்தோஷம். "சார் திரும்பி வந்துட்டாக!" என்று உள்ளே பார்த்துச் சத்தம் கொடுப்பார்.

மச்சானுக்கும் கவிதா வாரம் ஒரு நேரம் வாங்கிக் கொடுத்தாள். அவர் வீட்டில் சொல்லவில்லை. காட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பி, பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து, உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒட்டுக்கேட்க வருகிற பாண்டியம்மா முதலானவர்களைத் தடுப்பேன். இந்த ஊரில் நான்காவது விதியை அமல்படுத்துகிற ஒரே அலுவலர் இப்போது நான்தான். உள்ளே அவர் அழுவது சில நாள் கேட்கும். நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

குடும்பத்தில் இது நிரந்தரக் கேலியாகிவிட்டது. பல் பிடுங்கப் போகிறேன் என்றால், "சாட்சி யாருப்பா?" என்பாள் கவிதா. மருமகன் வீடியோவில் வந்தால் முதலில் என் பின்னால் இருக்கும் நாற்காலிகளை எட்டிப் பார்ப்பார். பேரன் இன்னும் சரியாகப் பேசக்கூட வராதவன், "தாத்தா, தாச்சி" என்கிறான். சொல்லிக் கொடுத்தது யார் என்று விசாரித்தேன். கவிதா, தான் இல்லை என்றாள். மருமகனும் இல்லை என்றார். அந்த வீட்டில் மிச்சம் ஒரே ஒரு ஆள்தான். அவள் சிரித்திருக்கிறாள் என்பதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளைக் கரிநாள் என்பார்கள். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு யாரும் நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டார்கள், ஊருக்கும் கிளம்ப மாட்டார்கள். வாசலில் தனியாகக் கரும்பு கடிக்க முடியாமல் கடித்துக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்து விழுந்தது. விஜயா.

'வாரேன். நெறையச் சொல்லணும். நல்லா இருந்துச்சுன்னு சொல்லப் போறதில்ல. சாட்சி யாரும் வேண்டாம், நீங்க மட்டும் இருங்க.'

பதில் கிடைக்கப்பெற்ற நாள்: தை மாதம், கரிநாள், பிற்பகல் மூன்று மணி.